சனிக்கிழமை ஆயத்த வகுப்பு

எங்கள் பக்கத்து ஊர்களில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை என்றால் பெரும்பாலும் கல்யாணமாகாத பெண்தான். பிளஸ் டூ முடித்தவள், கல்லூரிக்குப் போகிறவள், டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறவள். நன்றாகப் பாடுவாள். சின்னப் பிள்ளைகளை அதட்டாமல் உட்கார வைக்கத் தெரிந்திருக்கும். மூன்று நான்கு வருஷம் வகுப்பு எடுத்துக் கை பழகி வரும் நேரத்தில் அவளுக்குக் கோவிலில் கல்யாண ஓலை வாசித்துவிடுவார்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து முடிந்தால் அடுத்த மாதம் அவள் வேறொரு சேகரத்து மருமகள். அங்கே அவளை வகுப்பெடுக்க யாரும் கூப்பிடுவதில்லை. இங்கே மே மாதம் வந்ததும் பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தியைப் பிடித்து வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளிக்கான பயிற்சிக்கு அனுப்பி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் திருமண்டலத்தின் டி.டி.டி.ஏ. தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மெஞ்ஞானபுரம் கோபுரம் தூரத்தில் தெரிகிற தேரிக்காட்டு ஊர் எங்களுடையது. செம்மணலும் பனையும்தான் கண்ணுக்கெட்டிய மட்டும். பள்ளி வேலையோடு கூடவே இந்தப் பெண்களை ஆயத்தப்படுத்துகிற வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தது. நெல்லைத் திருமண்டலம் ஒன்றாக இருந்த காலத்தில் தொடங்கியது, 2003இல் தூத்துக்குடி – நாசரேத் திருமண்டலம் தனியானபிறகும் விடாமல் தொடர்ந்தது.

சபைத் தலைவர்கள் என்றால் நம் மனதில் வருகிறவர்கள் குருவானவர், சேகரக் கமிட்டியார், பெருமன்ற உறுப்பினர்கள். கமிட்டியாரையும் பெருமன்ற உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கத் தேர்தல் உண்டு, நோட்டீஸ் உண்டு, இரவு பகலாக ஆள் சேர்ப்பு உண்டு. ஆனால் வாரம் தவறாமல் வேதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஜனங்களுக்கு எதிரே உட்காருகிறவர் யார் என்று பார்த்தால் அது அந்தப் பதினேழு வயதுப் பிள்ளைதான். சேகரம் என்றால் ஒரு குருவானவருக்கு ஏழெட்டு சபைகள் இருக்கும். ஞாயிறு காலையில் ஒரு கோவிலில் திருவிருந்து முடித்து, அங்கியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பைக்கில் அடுத்த கோவிலுக்கு ஓடுவார். அவர் வருகிற வரைக்கும், போனபிறகும், சபைக்குப் போதிப்பவர்கள் இந்தப் பிள்ளைகளும் உபதேசியாரும் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமாரும்தான். இவர்களை ஆயத்தப்படுத்துவதைத்தான் தலைவர்களை ஆயத்தப்படுத்துவது என்று நான் சொல்வேன்.

என் தாத்தா உபதேசியார். 1820இல் மிஷனரி ரேனியுஸ் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்த காலம் முதலே எங்கள் சீமையில் சபைகள் உபதேசியார்களின் தோளில்தான் நின்றன. மிஷனரிகள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். கிராமங்களோ நூற்றுக்கணக்கில். உபதேசியார்களைப் பாளையங்கோட்டைக்கு வரவழைத்துப் பாடம் சொல்லி ஊருக்குத் திருப்பி அனுப்புவது அந்தக் காலத்து வழக்கம். ஜி.யு. போப் சாயர்புரத்தில் செமினரி நடத்தியதும் இப்படிப்பட்ட ஆட்களை உருவாக்கத்தான். தாத்தா காலத்திலும் அந்த வாசனை மிச்சம் இருந்தது. சாயங்காலம் பனையிறக்கி வந்தவர்கள் கை கால் கழுவி முடிக்கும் நேரத்தில் கோவில் மணி அடிப்பார். முன்னால் பாயில் பிள்ளைகள், இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள், சுவரோரம் கிழவர்கள். பத்துக் கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், ஞானோபதேச வினாவிடை. கேள்வியைப் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்பார். பதில் சபை முழுவதிலிருந்தும் வரும். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிக்கு விசுவாசப் பிரமாணம் ஓர் எழுத்துப் பிசகாமல் வரும் என்றால் அந்தச் சாயங்காலங்கள்தான் காரணம்.

எல்லா வயதினரும் ஒரே பாயில் உட்கார்ந்து படித்த அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் உண்டு. எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாத்தா கேள்வி கேட்பார். தாத்தாவிடம் யாரும் கேள்வி கேட்டதில்லை. பதில் அச்சடித்து வந்துவிட்டது, அதை வாங்கி மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான் சபையின் வேலை. எங்கள் கல்வி முறையின் பலமும் குறையும் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. மனப்பாடம் இல்லாமல் என் பாட்டிக்கு மரணப் படுக்கையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது. அதே மனப்பாடம் என் தம்பியைப் பதினெட்டு வயதில் கோவிலை விட்டு வெளியே அனுப்பியது. அவன் கேட்ட கேள்விக்கு அச்சடித்த பதில் இல்லை.

வயதுவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிற வழக்கம் ஓய்வுநாள் பள்ளியோடு வந்தது. இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்துப் பத்திரிகைக்காரர் ராபர்ட் ரெய்க்ஸ் 1780இல் அதைத் தொடங்கினார். ஆறு நாளும் தொழிற்கூடங்களில் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அந்த ஒரு நாளில் எழுத்தறிவித்து, வேதத்தை வாசிக்க வைத்தார். வேலைக்குப் போன பிள்ளைகளுக்காகப் பிறந்த பள்ளி அது. இன்றைக்கு எங்கள் ஊரில் ஞாயிறு காலையில் சீனியர் வகுப்புக்குப் பிள்ளைகள் வருவதில்லை. நீட் கோச்சிங்குக்கும் டியூஷனுக்கும் போய்விடுகிறார்கள். பெற்றோரைக் குறை சொல்லி என்ன பயன்? நான் சீனியர் வகுப்பைச் சனி இரவு எட்டு மணிக்கு மாற்றச் சொன்னேன். டியூஷன் விட்டுப் பசியோடு வருகிறவர்களுக்குச் சுண்டலும் டீயும் உண்டு. சுண்டலுக்காக வந்தவர்களும் இருந்தார்கள். வரட்டுமே.

மே மாதப் பயிற்சி முகாம்களைப் பற்றிச் சொல்கிறேன். செய்கைப் பாட்டு, கதை, மனப்பாட வசனம், கைவேலை, ஃபிளானல் துணியில் ஒட்டுகிற படங்கள், பிகினர்ஸ் பிரைமரி ஜூனியர் இன்டர் என்று நான்கு பிரிவுக்கும் நான்கு புத்தகம், கடைசி நாள் பவனிக்கு வேண்டிய கோஷங்கள். எல்லாம் நன்றாகத்தான் சொல்லித் தருவார்கள். பயிற்சி முடித்து வருகிற பிள்ளை ஒரு பாடத்தை அருமையாக நடத்திக் காட்டுவாள். நடுவில் ஒரு பையன் எழுந்து, ‘அக்கா, வெள்ளத்துல செத்த மத்தப் பிள்ளைங்க என்ன தப்பு பண்ணுனாவ?’ என்று கேட்டால் அவள் முகம் வாடிவிடும். புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை. அவள் மனதிலும் அந்தக் கேள்வி இருந்திருக்கிறது, யாரிடமும் கேட்காமல் வளர்ந்திருக்கிறாள்.

ஆகவே முகாமை மட்டும் நம்பாமல் சனிக்கிழமையைப் பிடித்துக்கொண்டேன். சனி சாயங்காலம் ஆசிரியர்களுக்கான ஆயத்த வகுப்பு என்பது எங்கள் சபைகளில் பழைய ஏற்பாடுதான். மறுநாள் பாடத்தைக் குருவானவரோ உபதேசியாரோ வாசித்துக் காட்ட, பிள்ளைகள் நோட்டில் குறித்துக்கொள்வார்கள். நாங்கள் அதைத் திருப்பிப் போட்டோம். பாடம் நாளைக்கு இல்லை, அடுத்த வாரத்துக்கு. இந்த வாரம் அந்த வேதபகுதியை எடுத்துக்கொண்டு மூன்று பேரிடம் போக வேண்டும். பத்து வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளை, சம்பாதிக்கிற வயதில் ஒருவர், எழுபது தாண்டிய ஒருவர். கதையைச் சொல்ல வேண்டும். விளக்கம் சொல்லக்கூடாது. அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் திறக்க அனுமதி.

முதல் சில வாரங்கள் ஒன்றும் தேறவில்லை. ‘நல்ல கதைன்னு சொன்னாவ டீச்சர்’ என்று வந்து நிற்பார்கள். பிறகு மத்தேயு இருபதாம் அதிகாரம் வந்தது. திராட்சத் தோட்டத்துக்காரர் கூலிக்கு ஆள் பிடிக்கிற உவமை. விடியற்காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் கடைசி மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுக்கிறார். காலையில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். இந்தப் பகுதிக்குப் பாடப்புத்தகம் சொல்கிற விளக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: கடைசி நேரத்தில் மனந்திரும்பினாலும் தேவன் ஏற்றுக்கொள்வார். பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி இந்தக் கதையை எங்கள் தெருக் கோடியில் இருந்த தாத்தா ஒருவரிடம் கொண்டுபோனாள். இளமையில் பனையேறியவர். பனைத்தொழில் படுத்தபிறகு சாத்தான்குளத்தில் கூலி வேலைக்கு ஆள் கூப்பிடுகிற இடத்தில் போய் நின்றவர்.

கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அவர், ‘அஞ்சு மணி வரைக்கும் நின்னவன் சோம்பேறின்னா நினைக்கே?’ என்று கேட்டாராம். அவள் பேசாமல் இருந்திருக்கிறாள். ‘ஏன் நிக்கேன்னு கேட்டதுக்கு, ஒருத்தரும் எங்களைக் கூப்பிடலன்னுதானம்மா சொல்லுதான். நான் நின்னுருக்கேன். வேலை செஞ்சவனுக்கு உடம்புதான் வலிக்கும். கூப்பிடாம நின்னவனுக்குச் சாயங்காலம் வீட்டுக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவ? நண்டு சிண்டு எல்லாம் வாசல்ல நிக்கும். அந்தத் தோட்டக்காரர் அந்த வீட்டு அடுப்பப் பாத்திருக்காரு.’

சனிக்கிழமை அவள் இதை நோட்டிலிருந்து வாசித்தபோது எங்கள் வெஸ்ட்ரி அறையில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. உபதேசியார் வேதாகமத்தைத் திறந்து வசனத்தை மறுபடி பார்த்தார். அங்கே அப்படித்தான் இருக்கிறது. அந்த வேலையாட்கள் சொல்கிற பதில் அதுதான். எத்தனையோ முறை வாசித்த பகுதி. கூலிக்கு நின்று பார்த்த ஒருவர் சொல்லித்தான் எங்கள் கண்ணில் பட்டது.

அடுத்த ஞாயிறு அவள் பிரைமரி வகுப்பில் என்ன செய்தாள் என்று பின்னால் நின்று பார்த்தேன். விளையாட்டுக்கு அணி பிரிக்கச் சொன்னாள். தலைவர்கள் இரண்டு பேர் ஒவ்வொருவராகக் கூப்பிட, கடைசியில் மிஞ்சுகிற பிள்ளை எப்போதும் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆள் பிரிப்பதை அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கதையைத் தொடங்கினாள். ஏழு வயதுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த மாதம் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இதே பகுதியை எடுத்தபோது நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாமார் கூலியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். ஆணுக்கு ஒரு கூலி பெண்ணுக்கு ஒரு கூலி என்று வயல் வேலைக்குக் கொடுப்பதில் போய் அது முடிந்தது. அந்தத் தாத்தாவை ஒரு சனிக்கிழமை ஆயத்த வகுப்புக்கே கூட்டி வந்தோம். சட்டை போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு உடம்புக்கு முடிகிற வரையில் தவறாமல் வந்தார். எங்கள் சபையில் அவர் எந்தப் பதவியும் வகித்ததில்லை. நான் பார்த்த போதகர்களில் அவர் ஒருவர்.

இந்த முறைக்கு எதிர்ப்பு வராமல் இல்லை. படிக்காதவர்கள் சொல்வதையெல்லாம் எழுதி வந்து பாடமாக நடத்தினால் உபதேசம் என்ன ஆகும் என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கேட்டு வருவது முதல் படி. வேதபகுதி எந்தக் காலத்தில், யாருக்கு எழுதப்பட்டது, மூலத்தில் என்ன இருக்கிறது, சபை இதை எப்படிப் புரிந்துகொண்டு வந்திருக்கிறது என்று சொல்லக் கற்றவர் ஒருவர் கூட இருந்தே ஆக வேண்டும். அதற்குத்தான் குருவானவர். இங்கேதான் குருத்துவப் பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

மதுரை அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969இல் தொடங்கியது. தமிழிலேயே இறையியல் படிக்க வழிசெய்தது, மாணவர்களை ஏழைகளின் குடியிருப்புகளுக்கு அனுப்பித் தங்கவைத்தது என்று அதற்குப் பெரிய பெயர் உண்டு, தகுதியான பெயர். அங்கிருந்தும் மற்றக் கல்லூரிகளிலிருந்தும் எங்கள் பக்கம் வருகிற இளைஞர்களோடு பேசிப் பார்த்திருக்கிறேன். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, சமயங்கள் எல்லாவற்றிலும் நல்ல அறிவு இருக்கும். கிறிஸ்தவக் கல்வி மட்டும் பாடத்திட்டத்தின் ஓரத்தில் எங்கோ இருந்திருக்கும். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற காரியம், அதை அக்காமார் பார்த்துக்கொள்வார்கள் என்பது பலருடைய நினைப்பு. ஜேம்ஸ் ஃபௌலர் 1981இல் எழுதிய விசுவாச வளர்ச்சிப் படிகளைச் சிலர் படித்து வந்திருப்பார்கள். எந்த வயதில் மனிதர் விசுவாசத்தை எப்படிப் பிடித்துக்கொள்கிறார் என்று படிப்படியாக அவர் பிரித்துக் காட்டியது பயனுள்ளதுதான். ஆனால் அந்த அட்டவணையை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்க் கிழவி ஒருத்திக்கு முன்னால் உட்கார்ந்தால் அவளை எந்தப் படியில் வைப்பீர்கள்? எழுதத் தெரியாது. வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகள் நெஞ்சில் இருக்கின்றன. கடலுக்குப் போன மகன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகும் விடியற்கால ஜெபத்துக்கு முதல் ஆளாக வந்து கோவில் வாசலைப் பெருக்குகிறாள். தேவனோடு அவளுக்கு ஒரு வழக்கு இருக்கிறது, அதை அவள் யாரிடமும் சொல்வதில்லை. அவள் வாயைத் திறக்கிற நாளில் பக்கத்தில் உட்கார்ந்து, வசனம் சொல்லி அடக்காமல், கேட்கத் தெரிந்த ஒரு குருவானவர் இருக்க வேண்டும். அது பரீட்சைக்கு வராத பாடம்.

இங்கே பயிற்சிக்கு வந்த குருத்துவ மாணவர் ஒருவரிடம் நான் ஒரு வேண்டுகோள் வைத்தேன். முதல் மாதம் பிரசங்கம் வேண்டாம். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வகுப்பில் போய்ப் பாயில் உட்காருங்கள், பாடம் எடுக்க வேண்டாம். பிகினர்ஸில் தொடங்கிப் பெரியவர்கள் வரைக்கும். அவருக்கு முதலில் அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் உட்கார்ந்தார். நான்கு வயதுப் பிள்ளை ஒன்று அவர் மடியில் தூங்கிப்போனது. அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளை அவரைத் தேடி வந்தது. அந்த மாதத்துக்குப் பிறகு அவர் செய்த முதல் பிரசங்கத்தில் முன்வரிசைப் பிள்ளைகளும் புரிந்து கேட்டார்கள்.

அவர்தான் பிறகு திடப்படுத்தல் வகுப்பை ஏற்று நடத்தினார். எங்கள் சபைகளில் திடப்படுத்தல் என்பது பெரிய விசேஷம். பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சேலை, ஆண் பிள்ளைகளுக்கு வெள்ளை வேஷ்டி, பேராயர் வந்து தலையில் கைவைத்து ஜெபிப்பார், முதல் திருவிருந்து, வீட்டில் விருந்து. உண்மையில் அது பலருக்குப் படிப்பு முடிந்ததற்கான சான்றிதழாகிவிடுகிறது. அதோடு வேதத்தை மூடுகிறவர்கள் அடுத்தமுறை திறப்பது கல்யாணத்துக்குத்தான். அந்த வகுப்பில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: ‘கலாத்தியர்ல யூதன்னும் கிரேக்கன்னும் இல்லன்னு படிச்சோம். நம்ம கோவில்ல ஓலை வாசிக்கிற கல்யாணம் எல்லாம் ஒரே சாதிக்குள்ளதானே ஐயா வாசிக்கிறாவ?’

இந்தக் கேள்வி வேறு இடங்களிலும் கேட்கப்பட்டிருக்கிறது. ‘வாயை மூடிட்டு உட்காரு’ என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கிற பதில். இவர் அப்படிச் சொல்லவில்லை. ‘எனக்கும் அந்தக் கேள்வி உண்டு தம்பி. உங்க வீட்டுல அப்பாகிட்டயும் தாத்தாகிட்டயும் கேட்டு, அவங்க சொல்றத எழுதிட்டு வாங்க. அடுத்த வாரம் பேசுவோம்’ என்றார். அடுத்த வாரத்துக்கு முன்னாலேயே ஊர் கிளம்பிவிட்டது. செவ்வாய்க்கிழமை ராத்திரி கமிட்டியார் நான்கைந்து பேர் குருமனை வாசலில் வந்து நின்றார்கள். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்க வந்தவர் குடும்பத்துக்குள்ளே கை வைக்கிறார் என்றார்கள். சேகரத் தலைவர் மூத்தவர், அனுபவஸ்தர். அவர் யாரையும் திட்டவில்லை, அந்த மாணவரைக் கைவிடவும் இல்லை. ‘நீங்களும் வாங்க. பிள்ளைகள் கேட்டதுக்குப் பெரியவங்க நீங்களே பதில் சொல்லுங்க’ என்று அவர்களையும் அடுத்த வகுப்புக்கு அழைத்தார். வந்தார்கள். கோபத்தோடுதான் வந்தார்கள். அன்று எங்கள் கோவிலில், பதினைந்து வயதும் அறுபது வயதும் ஒரே வேதபகுதியை நடுவில் வைத்துக்கொண்டு பேசியதைப் பார்த்தேன். ஒருவரும் மனம் மாறிவிட்டதாகச் சொல்லவில்லை. ஒரு தகப்பனார் மட்டும், ‘பதில் என்கிட்ட இல்ல. ஆனா எம்மவன் கேட்டது தப்பில்ல’ என்றார். தலைவர்களை ஆயத்தப்படுத்துவது என்று இவ்வளவு காலம் நான் பேசி வந்ததெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தைச் சபைக்கு நடுவே எழுந்து நின்று சொல்லக்கூடிய ஆட்களை உண்டாக்குவதற்காகத்தான்.

உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் கற்பிக்கிற பொறுப்பு குருமார் கையில் இல்லை, பெற்றோர் கையில் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பேச வேண்டும் என்கிறது. அப்படிப் பேசத் தெரிந்த பெற்றோர் வேண்டுமென்றால் பெரியவர்களுக்குப் படிப்பு வேண்டும். வேலைக்குப் போகிறவர்களை மூன்று வருஷம் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் வைக்க முடியாது. குவாத்தமாலா நாட்டுப் பிரஸ்பிட்டேரியன் செமினரிக்கும் இதே சிக்கல் இருந்தது. 1963இல் அவர்கள் மாணவர்களைக் கல்லூரிக்குக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, பாடத்தை மாணவர்கள் இருக்கிற ஊருக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் படிப்பது, வாரம் ஒருமுறை ஆசிரியரோடு குழுவாகக் கூடிப் பேசுவது. இந்தியாவில் 1971இல் பெங்களூரில் டாஃப்டி அமைப்பு அதே வழியில் தொடங்கியது. அந்த வழியில் வந்த தமிழ்ப் பாடங்களை நானும் ஒரு குழுவோடு படித்தேன். குழுவில் ஒரு அரசுப் பேருந்து நடத்துநர், ஒரு நர்ஸ், உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த ஒருவர். நடத்துநர் ராத்திரி டிரிப் முடித்துத் தூக்கக் கண்ணோடு வருவார். நோட்டு மட்டும் எழுதி முடித்திருக்கும். அவர் இன்றைக்கு அவர் சபையில் பெரியவர்கள் வகுப்பை நடத்துகிறார். தன் வாழ்க்கையை அப்படியே வைத்துக்கொண்டு படித்தவர் என்பதால் மற்றவர்களின் வாழ்க்கையும் அவர் பாடத்துக்குள் வருகிறது.

ஓலை வாசித்து அனுப்பிவிடுகிற பெண்களைப் பற்றித் தொடங்கினேன். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1912இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயராகத் தோர்ணக்கல்லுக்குப் போனவர், கிராம ஊழியர்களைப் பயிற்றுவித்தபோது அவர்களுடைய மனைவிமாருக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். எங்கள் மண்ணிலிருந்து போனவருக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குத்தான் மறந்துபோனது. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குச் சபை மாற்றுக் கடிதம் எழுதும்போது, இவர் இத்தனை வருஷம் இந்தந்த வகுப்பு எடுத்தவர் என்று ஒரு வரி சேர்க்கும்படி எங்கள் குருவானவரைக் கேட்டுக்கொண்டேன். இரண்டு நிமிஷ வேலை. அந்த ஒரு வரி சில ஊர்களில் பலித்தது, சில ஊர்களில் கடிதத்தோடு கோப்பில் தூங்குகிறது.

பலித்த ஊரிலிருந்து ஒருத்தி போன் செய்தாள். ‘டீச்சர், பெண்கள் ஐக்கிய சங்கத்துல என்னைப் பாடம் எடுக்கச் சொல்லிட்டாவ. எங்க மாமியாரும் முன்வரிசைல உட்காருவாவ. பிகினர்ஸுக்கு எடுக்குறது மாதிரியா இவங்களுக்கு எடுக்க?’ என்றாள். எல்லா வயதுக்கும் சேர்த்து ஆயத்தப்படுத்த வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். பதினேழு வயதில் சின்னப் பிள்ளைகளுக்கு எடுக்கப் பழகுகிற பெண்ணுக்கு முன்னால், இருபத்தைந்தில் தன்னைவிட மூத்த பெண்கள் உட்காருவார்கள். நாற்பதில் விடலைப் பிள்ளைகள் உட்காருவார்கள், அதில் அவள் மகனும் இருப்பான். அறுபதில் நோயாளிகளின் கட்டிலோரம் உட்காருவாள். ஒரு புத்தகத்தைக் கொடுத்து ஒரு வயதுக்கு மட்டும் பழக்கிவிட்டால் அந்த வயது கடந்ததும் அவள் கை வெறுமையாகிவிடும். மாமியாரிடமே முதலில் கதையைக் கொண்டுபோய்க் கேட்டு எழுது என்று அவளிடம் சொன்னேன். ரூத்தின் கதையை எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் மாமியாரும் மருமகளும் சேர்ந்து எங்கள் மே மாதப் பயிற்சிக்கு வந்தார்கள்.

இந்த மே மாதம் வந்தவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் ஓய்வு பெற்ற தபால்காரர் வரை இருந்தார்கள். கடைசி நாளில் ஒரு விவாதம் எழுந்தது. பிரசங்கத்துக்கு முன்னால் பிள்ளைகளை ஓய்வுநாள் பள்ளிக்கு வெளியே அனுப்பிவிடுவதா, மாதம் ஒரு ஞாயிறாவது எல்லா வயதினரும் ஒன்றாக இருந்து ஒரே பகுதியைப் படிப்பதா. நான் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிற பக்கம். தபால்காரர் ஐயா மறுத்தார். வாரம் முழுக்கத் தனிமையில் இருக்கிற வயோதிகர்களுக்கு அந்த அரை மணி நேரம் ஒன்றுதான் அமைதியாக வேதத்தைக் கேட்கிற நேரம், காதும் சரியாகக் கேட்காது, பிள்ளைகள் சத்தத்தில் அதுவும் போய்விடும் என்றார். இன்டர் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, காது கேட்காத தாத்தா பாட்டிமார் பக்கத்தில் ஆளுக்கு ஒரு பிள்ளை உட்கார்ந்து வசனத்தை விரல் வைத்துக் காட்டலாமே என்றாள். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். பரிசோதனையாக ஆகஸ்ட் முதல் ஞாயிறை வைத்திருக்கிறோம். எந்தப் பகுதி என்று தேர்ந்தெடுக்கிற பொறுப்பை அவரிடமும் அந்தப் பெண்ணிடமும் சேர்த்து விட்டிருக்கிறோம்.